பூங்காவுக்குப் பூட்டு ஏன்?

"பொதுப் பூங்கா" என்று வாயிலில் எழுதியிருக்கிறது. நல்ல தமிழ்! இனிய தமிழ்! ஆனால் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே இன்னொரு பலகை தொங்குகிறதே, அதையும் சற்றுப் படியுங்கள், தோழர்களே! புல்லில் அமரக் கூடாது. கூட்டமாகக் கூடக் கூடாது. பந்து விளையாடக் கூடாது. உணவுப் பொட்டலம் கொண்டுவரக் கூடாது. காலையில் இத்தனை மணிக்கு மேல், மாலையில் இத்தனை மணி வரையில், உள்ளே நுழையவே கூடாது. மேலே இருப்பது "பொது". கீழே இருப்பதெல்லாம் "கூடாது"! இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே நடக்கும் போரில், நம் நகரங்களின் பூங்காக்கள் பலவற்றில் வென்று நிற்பது எது? கதவிலே தொங்கும் பூட்டைப் பாருங்கள், விடை கிடைக்கும்.

பூங்காவைப் பற்றியா ஒரு கட்டுரை? நாட்டில் வேறு சிக்கலே இல்லையா? வேலையில்லாத் திண்டாட்டம் இல்லையா? விலைவாசி இல்லையா? காதலித்த குற்றத்துக்காகப் பெற்ற மகளையே கொல்லும் சாதிவெறி இல்லையா? இப்படிக் கேட்பார் உளர். உண்டு, எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இவற்றைப் பற்றி நான்கு பேர் கூடிப் பேச ஓர் இடம் வேண்டுமல்லவா? வாடகை கேட்காத, சாதி கேட்காத, காப்பி வாங்கினால்தான் உட்காரலாம் என்று சொல்லாத ஓர் இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்துக்குப் பெயர்தான் பூங்கா. ஆகவேதான் எழுதுகிறோம்.

இருக்கை கேட்காத கேள்வி

ஊர் என்று எதைச் சொல்லி வந்தனர் இந்த நாட்டில்? மேலத்தெரு, கீழத்தெரு, அக்கிரகாரம், சேரி! பிறக்கும் முன்பே ஒவ்வொருவனுக்கும் இடம் குறித்து வைத்த ஏற்பாடு! குடிக்கும் நீருக்குத் தனிக் கிணறு, பிணத்துக்குத் தனிச் சுடுகாடு. செத்த பிறகும் சேர்ந்திருக்க முடியாத ஊர்! அந்த ஊரிலே திண்ணை இருந்தது. அது வீட்டுக்காரனுடைய திண்ணை. சத்திரம் இருந்தது, அங்கே இன்னாருக்குத்தான் பந்தி. மண்டபம் இருந்தது, இன்னார் இதற்கு மேல் வரலாகாது என்ற எல்லையும் உடன் இருந்தது. எவரும், எவர் அருகிலும், எவர் அனுமதியும் இன்றி அமரலாம் என்ற இடம் மட்டும் இல்லை.

மன்றம் என்றும் பொதியில் என்றும் பழந்தமிழில் சொற்கள் உண்டு. ஊரார் கூடும் மரத்தடிக்கும் அம்பலத்துக்கும் வழங்கிய பெயர்கள் அவை. அரசர்க்கு இலவந்திகைச் சோலை இருந்தது. ஊராருக்கு மன்றம் இருந்தது. பழங்காலம் பொற்காலம் என்று பாட்டுப் பாடிப் பின்னோக்கி நடக்க நாம் அழைக்கவில்லை. "பொது" என்ற பொருளுக்குச் சொல் வைத்திருந்த மொழியைப் பேசும் நாம், சொல்லை ஏட்டிலே வைத்துக்கொண்டு பொருளைப் பறிகொடுத்தோமே என்றுதான் சொல்கிறோம்.

நகரத்துப் பூங்காவில் கிடக்கும் அந்தச் சிமெண்டு இருக்கையைப் பாருங்கள். அது எவரையும் பார்த்து, "நீ என்ன ஆள்?" என்று கேட்பதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரும், அச்சகத் தொழிலாளியும், வேலை தேடி வந்த பட்டதாரியும், பிள்ளையை ஊஞ்சலில் விட்டுவிட்டு மூச்சுவிட வந்த தாயும் அதில் அடுத்தடுத்து அமரலாம். அமர்ந்தவர் பேசுவர். பேசியவர் பழகுவர். பழகியவர், மறுநாள் ஒருவர் வரவில்லை என்றால் "என்ன ஆயிற்று அவருக்கு?" என்று கேட்பர். அந்தக் கேள்வியிலேதான் ஊர் பிறக்கிறது. வீடுகள் நெருங்கி நின்றால் தெரு ஆகும். மனிதர் நெருங்கினால்தான் ஊர் ஆகும்.

பொது இடம் தானாக வந்ததா?

இந்தப் பொது இடம் வானத்திலிருந்து விழுந்ததன்று. போராடிப் பெற்றது. 1924-இல் வைக்கத்திலே கிளர்ச்சி எழுந்தது. எதற்காக? கோயிலுக்குள் போவதற்காக அன்று, தோழர்களே! கோயிலைச் சுற்றியிருந்த தெருவிலே நடப்பதற்காக! அதற்காகத் தந்தை பெரியார் இருமுறை சிறை சென்றார். அதே 1924-இல், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலே நடக்கவும், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தவும் எந்த வகுப்பாருக்கும் தடை இல்லை என்பதே அதன் கருத்து. சாலையில் நடக்கலாம் என்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது!

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், தன் 15-ஆம் பிரிவில் இன்னும் தெளிவாகப் பேசிற்று. அரசுப் பணத்தில் பேணப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகிய எதிலும், சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்றது. "பொதுமக்கள் கூடும் இடம்" என்ற தொடரை அடிக்கோடிட்டுப் படியுங்கள். பூங்கா அதுதான்!

சட்டம் சாதியின் பெயரைச் சொல்லித் தடுத்தது. சாதி என்ன செய்தது? தன் பெயரை மாற்றிக்கொண்டது! "தீட்டு" என்று சொன்ன வாய் இன்று "தூய்மை" என்கிறது. "எட்டி நில்" என்ற கட்டளை "வெளியார் வரவேண்டாம்" என்ற வேண்டுகோளாகிவிட்டது. "சேரியார்" என்ற சொல்லுக்குப் பதில் "கண்ட கண்ட ஆட்கள்" என்ற சொல் வந்திருக்கிறது. அகராதி மாறிற்று, அகம் மாறவில்லை.

உலகம் கண்ட பூட்டுகள்

பூட்டுப் போடும் இந்தப் புத்தி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1866-இல் இலண்டன் மாநகரில், உழைப்பாளிக்கு வாக்குரிமை கேட்டுச் சீர்திருத்தச் சங்கத்தார் ஹைடு பூங்காவில் கூட்டம் கூட்டினர். அரசு தடை விதித்தது, வாயிற்கதவுகளை அடைத்தது. திரண்டுவந்த மக்கள் வெள்ளம் இரும்பு வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே சென்றது. மறு ஆண்டே, 1867-இல், நகரத்துத் தொழிலாளரில் பெரும் பகுதியினர்க்கு வாக்குரிமை தரும் சட்டம் நிறைவேறியது. இன்று அதே பூங்காவின் ஒரு மூலையில், எவரும் நின்று எதைப் பற்றியும் பேசலாம் என்ற மரபைப் பெருமையோடு உலகுக்குக் காட்டுகிறார்கள். வேலி போட்டவர்களுக்குக் கிடைத்த பெருமை அன்று அது. வேலியைச் சாய்த்தவர்கள் தந்தது!

அமெரிக்காவிலே மாண்ட்கோமரி என்று ஒரு நகரம். பேருந்தில் எழுந்து இடம் தர மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரால் 1955-இல் உலகப் புகழ் பெற்ற நகரம். கறுப்பு மக்கள் எங்களையும் பூங்காவில் விடுங்கள் என்று நீதிமன்றம் சென்றனர். நகர ஆட்சியாளர் என்ன செய்தனர்? 1959-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நகரத்தின் பூங்காக்கள் அனைத்தையும் மூடிவிட்டனர்! நீச்சல் குளத்தை மண்ணிட்டு மூடினர். காட்சிச்சாலை விலங்குகளை விற்றனர். வெள்ளைக் குழந்தைக்கும் விளையாட இடம் இல்லை. கறுப்புக் குழந்தைக்கும் இல்லை. சேர்ந்து விளையாடுவதைவிட எவரும் விளையாடாதிருப்பதே மேல் என்பது அவர்கள் கண்ட நீதி!

ஆதிக்கத்தின் உள்ளம் இதுதான். தன் கண் போனாலும் சரி, அடுத்தவன் பார்க்கக் கூடாது! நண்பகலில் பூட்டிக் கிடக்கும் நம் பூங்காவைக் காணும்போதெல்லாம் மாண்ட்கோமரி நம் நினைவுக்கு வருகிறது.

பெயரைத் தாங்கிய பூங்காக்கள்

சென்னையில் தியாகராய நகருக்கு வாருங்கள். மாம்பலத்து நெடிய ஏரி இருந்த பரப்பில், 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியின்போது எழுந்த நகர் அது. பெயரே வரலாறு சொல்லும். தியாகராயர் பெயரால் நகர். டாக்டர் நாயர் பெயரால் சாலை. 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்து, கோயில்களின் வரவு செலவுக்குக் கணக்குக் கேட்கும் சட்டத்தைக் கொண்டுவந்த பனகல் அரசர் பெயரால் ஒரு பூங்கா. ஊர் விட்டு வந்து படிக்கத் தங்குமிடம் இன்றித் தவித்த பார்ப்பனரல்லாத மாணவர்க்குத் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் கண்ட டாக்டர் நடேசனார் பெயரால் இன்னொரு பூங்கா. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்து, ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்ட பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் பெயரால் கடைவீதி. அதைத்தான் "பாண்டி பசார்" என்று சுருக்கிவிட்டோம்.

இவர்கள் பெயரைப் பூங்காவுக்கும் வீதிக்கும் வைத்தது அலங்காரத்துக்கா? இடமில்லாதவனுக்கு இடம் தேடிக் கொடுத்தவர்கள் இவர்கள். "உனக்கு இங்கே இடமில்லை" என்று சொல்வதற்கு இவர்கள் பெயர் தாங்கிய எந்த வாயிலுக்கும் உரிமை கிடையாது.

இராயபுரத்துக்கும் வாருங்கள். 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் எங்கே நடந்தது? அரண்மனையிலா? குளிரூட்டிய மண்டபத்திலா? ராபின்சன் பூங்காவிலே! நனைந்துகொண்டே பேசினார் அண்ணா. நனைந்துகொண்டே கேட்டனர் மக்கள். பதினெட்டே ஆண்டுகளில், 1967-இல், அந்தக் கழகம் கோட்டையில் அமர்ந்தது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! "கூட்டமாகக் கூடக் கூடாது" என்ற பலகை அன்று அந்தப் பூங்காவின் வாயிலில் தொங்கியிருந்தால்? பூட்டும் சாவியும் கொண்ட ஒரு காவலாளி, "நேரம் முடிந்துவிட்டது, கலைந்து போங்கள்" என்று சொல்லியிருந்தால்? பணமில்லாத ஓர் இயக்கம் பிறப்பதற்குக் கூரை கூடத் தேவையில்லை; கதவு திறந்திருந்தால் போதும். அந்தக் கதவை இன்று நாமே சாத்தலாமா?

நான்கு வகைக் களவு

பூங்காவை மக்களிடமிருந்து பறிக்கும் வழிகள் நான்கு.

முதலாவது, கூறுபோடுதல். ஆங்கில ஆளுநர் டிரெவெலியன் காலத்தில், 1859-60-இல், சென்னைக்கு "மக்கள் பூங்கா" ஒன்று அமைந்தது. பரப்பு 116 ஏக்கர்! காலப்போக்கில் அங்கே விக்டோரியா மண்டபம் எழுந்தது, மூர் அங்காடி எழுந்தது, 1913-இல் ரிப்பன் மாளிகை எழுந்தது, இரயில்வே வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் தேவைதான் என்று வாதிடலாம். ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் பலியானது ஒரே பூங்கா! இன்று "பூங்கா நகர்" என்று இரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை இருக்கிறது. நகர் இருக்கிறது, பூங்கா எங்கே?

இரண்டாவது, பூட்டுதல். அண்ணா நகரில், 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சிக்காக ஓர் உயர்ந்த கோபுரம் எழுப்பினர். அதைச் சூழ்ந்து பூங்கா. மாடிவீடு இல்லாதவனும் ஏறிநின்று தன் நகரத்தைத் தன் கண்ணால் காணலாம் என்ற கோபுரம்! 2011-இல் அதன் மேலே செல்லும் வழியை அடைத்தனர். மீண்டும் திறந்தது 2023-இல். பன்னிரண்டு ஆண்டுகள்! தவறு நேர்கிறது என்றால் தவற்றைத் தடுக்க வழி காண்பது ஆட்சி; தடுப்பதற்குப் பதில் அடைத்துவிடுவது சோம்பல்.

மூன்றாவது, சீட்டுக் கிழித்தல். சென்னைக் கதீட்ரல் சாலையில், அரசு மீட்டெடுத்த நிலத்தில், 2024-இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. மகிழ்ந்தோம். ஆனால் திறந்தபோது பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய் என்றார்கள்! கணவனும் மனைவியும் மரநிழலில் நடக்க 200 ரூபாய். கூலிவேலை செய்பவன் எடுத்துக் கொடுப்பானா? நம் தலைவரின் பெயரைத் தாங்கிய பூங்கா என்பதற்காக நாம் வாய்மூடி இருக்கலாமா? கூடாது; அதனால்தான் வாய் திறக்கிறோம். கைரிக்‌ஷாவை ஒழித்தவர் பெயரால் அமைந்த பூங்காவின் வாயிலில், ரிக்‌ஷா இழுத்தவனின் பேரன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத் திரும்புவது அந்தப் பெயருக்குப் பெருமை அன்று. உள்ளே விளையாட்டுக் கருவிகளுக்கு வேண்டுமானால் கட்டணம் வாங்கட்டும். மரநிழலுக்கு விலை வைக்க வேண்டாம்!

நான்காவது, கல் நடுதல். அரசமரத்தடியில் முதலில் ஒரு கல் வரும். கல்லுக்கு மஞ்சள் வரும். மஞ்சளுக்கு மேல் துண்டு வரும். துண்டுக்கு மேல் தகரக் கூரை வரும். கூரைக்கு அடியில் உண்டியல் வரும். உண்டியலுக்குப் பின் ஒலிபெருக்கி, ஒலிபெருக்கிக்குப் பின் ஒரு குழு, குழுவுக்குப் பின் "செருப்பைக் கழற்றிவிட்டு இப்பக்கம் வா" என்ற ஆணை! பொதுநிலம் புண்ணியத்தலம் ஆன கதை இதுதான். கோயிலோ, மசூதியோ, மாதா கோயிலோ, குருத்துவாராவோ, பொதுத்தெருவிலும் பொதுப்பூங்காவிலும் அனுமதியின்றிப் புதிதாகக் கட்டக் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே ஆணையிட்டிருக்கிறது. நம்புகிறவர் தம் இல்லத்தில் வணங்கட்டும். உரிய இடத்தில் வணங்கட்டும். நமக்குச் சண்டை இல்லை. எல்லாருக்கும் உரிய நிலத்தை ஒரு சாராரின் சந்நிதி ஆக்கும் உரிமை மட்டும் எவருக்கும் இல்லை.

எதிர்வாதம் என்ன?

"பூட்டாவிட்டால் குடிகாரர் புகுவர், குப்பை சேரும், பெண்களுக்குப் பாதுகாப்பு இராது" என்பர். அச்சம் பொய் என்று சொல்லமாட்டோம். ஆனால் மருந்து சரியா? ஆளில்லாத இடத்தில்தான் ஆபத்து. விளக்கெரியும் இடத்தில், பிள்ளைகள் ஆடும் இடத்தில், பெரியவர் பேசும் இடத்தில், சில பெண்கள் அமர்ந்திருக்கும் இடத்தில், இன்னொரு பெண் துணிந்து வந்து அமர்வாள். கூட்டமே காவல்! விளக்குப் போடுங்கள், கழிப்பறை கட்டுங்கள், தண்ணீர்க் குழாய் வையுங்கள், பகலிரவு மாறிமாறிக் காவலர் இருக்கட்டும். இவற்றுக்குப் பணமில்லை என்பவர்களைக் கேட்கிறோம்: வேலிக்கும் பூட்டுக்கும் பளிங்குப் பெயர்ப்பலகைக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

"நடைப்பயிற்சிக்குத்தானே பூங்கா, காலையும் மாலையும் திறந்தால் போதாதா?" என்பர். போதும், வீட்டிலே மின்விசிறியும் குளிர்ச்சாதனமும் உள்ளவருக்குப் போதும். விடியலில் அதே பூங்காவைக் கூட்டிப் பெருக்கிய தூய்மைப் பணியாளர், நண்பகல் வெயிலில் ஐந்து நிமிடம் எங்கே அமர்வார்? நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு ஐந்தாம் வீட்டுக்குப் போகும் அம்மா, கொண்டுவந்த சோற்றை எங்கே பிரிப்பார்? ஊருக்கெல்லாம் உணவுப் பொட்டலம் சுமந்து இருசக்கர வண்டியில் பறக்கும் இளைஞன் தன் பொட்டலத்தை எங்கே உண்பான்? நிழல் மிகவும் தேவைப்படும் வேளையில் நிழலைப் பூட்டுகிறார்கள்! நிழல் மிகவும் தேவைப்படுகிறவனை வெளியே நிறுத்துகிறார்கள்! ஒரே அறையில் ஐவர் படுக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பறை பூங்கா. கிழவருக்குக் கூடம் பூங்கா. பூங்கா ஆடம்பரம் என்பவர், தோட்டத்தோடு கூடிய வீட்டிலே இருப்பவராகத்தான் இருக்க முடியும்.

"காதலர் வந்து கெடுக்கிறார்கள்" என்ற கூக்குரல் ஒன்றும் உண்டு. வயது வந்த ஆணும் பெண்ணும் பட்டப்பகலில் பலர் காண அமர்ந்து பேசுவதில் கெட்டுப்போவது எது? கெடுவது சாதி! வீட்டிலே பார்க்க முடியாது, தெருவிலே பேச முடியாது, பூங்காவிலும் அமர முடியாது என்றால், இருவர் ஒருவரை ஒருவர் அறிந்து மணந்துகொள்வது எப்படி? சாதி ஒழிய வேண்டும் என்று மேடையில் முழங்கிவிட்டு, சாதி மறந்து இருவர் அமரும் இருக்கையைப் பிடுங்குவது என்ன நேர்மை?

செய்ய வேண்டியது

கோரிக்கை கேளுங்கள். பொழுது புலர்வது முதல் இரவு வரை இடைவிடாமல் பூங்காக் கதவு திறந்திருக்க வேண்டும். நுழைவதற்குக் கட்டணம் கூடாது. கூடிப் பேசுவதும், படிப்பதும், பாடுவதும் குற்றம் எனச் சொல்லும் பலகைகள் இறங்க வேண்டும். புதிய வழிபாட்டுக் கட்டடம் ஒன்றுகூட எழலாகாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கட்டடம் எழுப்புவோர் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாகப் பொதுவுக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நிலம் மதிலுக்குள் மறைந்து சிலரின் கொல்லைத்தோட்டம் ஆகாமல் காக்க வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அப்பகுதிக் குடிமக்கள் வழக்காடினர். 1991-இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. மருத்துவமனை நல்லதுதான், ஆனால் பூங்காவை விழுங்கி அது வரலாகாது என்பது தீர்ப்பின் சாரம். எழுந்து கேட்டவர்க்கே கிடைத்தது!

கேட்பதோடு நில்லாமல் செய்து காட்டுங்கள், இளைஞர்களே! வாரம் ஒரு மாலை, உங்கள் பகுதிப் பூங்காவில் பத்துப் பேர் கூடுங்கள். ஏடு ஒன்றைப் படித்து விவாதியுங்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த தெருக்காரரை அழையுங்கள். உங்கள் பகுதிப் பூங்காவில் இதுவரை கால் வைக்காத தெரு எது என்று பார்த்து, அந்தத் தெருவுக்குச் சென்று முதலில் அழையுங்கள். பெண்கள் வர வேண்டும். வந்தவர் பேச வேண்டும். எழுந்து போகும்போது காகிதத் துண்டு ஒன்று கூடக் கிடக்காமல் எடுத்துச் செல்லுங்கள்; பூட்டுக்காரனுக்குச் சாக்கு வைக்காதீர்கள்.

தனித்தனியே நடந்து, தனித்தனியே மூச்சு வாங்கி, தனித்தனியே வீடு திரும்பும் மக்களை ஆள்வது எளிது. கூடி அமர்ந்து, "ஏன்?" என்று கேட்கும் மக்களை ஆள்வது கடினம். பூட்டின் உட்பொருள் அதுதான். பூட்டு இரும்பாலானது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதற்கு நாவிருந்தால் போதும். கேட்போம்!